கடலுக்குப் போகிற போன் நம்பரைக் கொடுக்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு முகாம் நடந்தால், வாசல் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பேன். அது என் உத்தியோகம் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள தம்பியைப் பார்த்துக்கொண்டதில் எந்த ஜன்னலில் எதைக் கேட்பது என்று தெரிந்துபோனது, அவ்வளவுதான். புதிதாக வருகிற அம்மாக்களும் அக்காக்களும் செய்கிற தவறுகளில் பாதி எங்கள் வீட்டிலும் நடந்தவை. போட்டோ இல்லாமல் வருவது, ஜெராக்ஸ் மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் முகாம் வாசலிலேயே சரியாகிவிடும். அங்கே சரியாகாத தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

எடுத்த எடுப்பில் கலெக்டர் ஆபீஸ்

பக்கவாதம் வந்த அப்பாவை ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்காரவைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். கேட்பது என்ன? வீட்டுக்கு யாராவது வந்து கை கால் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்கு மனுவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரை மட்டும் தருவதாகத்தான் பலருக்கு நினைப்பு. இயன்முறை சிகிச்சையும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலைய நர்ஸிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூட வயதுப் பிள்ளை என்றால் ஒன்றிய வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. இரண்டு வயதாகியும் உட்காரவில்லை, பேச்சு வரவில்லை என்றால் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வருகிற டாக்டர்கள் பார்த்துவிட்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஊசி போடுகிற அக்கா, பால்வாடி டீச்சர் என்று தினமும் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, இவர்களை உதவிக் கணக்கிலேயே நம் ஆட்கள் சேர்ப்பதில்லை.

“ஏதாவது உதவி செய்து தரவும்”

இப்படி முடிகிற மனு எந்த மேசையிலும் நிற்காது. மாதப் பணத்துக்கே இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று வருவாய்த் துறை ஓய்வூதியம், தாலுகா ஆபீஸ் வழியாக வருவது. இன்னொன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தருகிற பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, கடுமையான பாதிப்பு என்று குறிப்பிட்ட வகையினருக்கு மட்டும் உள்ள இந்தத் தொகையை 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அதனால் எது உங்களுக்குப் பொருந்தும் என்று சான்றிதழில் உள்ள குறைபாட்டின் பெயரையும் சதவீதத்தையும் வைத்து முதலில் பாருங்கள். அப்புறம் மனுவின் முதல் வரியிலேயே திட்டத்தின் பெயரை எழுதுங்கள். குடும்பக் கதை மூன்றாவது பத்தியில் வந்தால் போதும்.

போன் நம்பர்

இதைச் சின்ன விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு இப்போது ஸ்வாவலம்பன் இணையதளத்தில்தான் விண்ணப்பம். யூடிஐடி என்கிறார்களே, அது. அதில் ஒரு கைப்பேசி எண் கேட்கும். என்னிடம் வருகிறவர்களின் காகிதங்களைப் புரட்டினால், திரும்பத் திரும்ப ஒரே எண்தான் கண்ணில் படும்: பிரவுசிங் சென்டர்காரருடையது. “நம்பரு ஞாபகம் இல்ல தம்பி, உன்னோடதயே போட்டுக்க” என்று அம்மாவே சொல்லியிருப்பார். ஓடிபி தன் போனுக்கே வந்தால் அந்தப் பையனுக்கும் வேலை சட்டென்று முடியும். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. ஆனால் டாக்டர்கள் குழு முன்னால் என்றைக்கு வர வேண்டும், எந்தக் காகிதம் குறைகிறது, அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலெல்லாம் அந்தப் போனில், ஊரில் உள்ள மற்றவர்களின் செய்திகளோடு சேர்ந்து கிடக்கும். அவர் எடுத்துப் பார்த்து ஒவ்வொருவருக்கும் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு குடும்பம். அம்மா கடலில் பாசி எடுப்பவர். மூளை முடக்குவாதம் உள்ள பெண் பிள்ளை. விண்ணப்பம் போட்டாயிற்று, தேதி சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். கடைக்காரர் கடையை மூடிவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அவர் நம்பரும் போயிற்று. “கவர்மெண்டுல இழுத்தடிக்கிறாங்க” என்று இவர்கள் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் விசாரித்தபோது தேதி வந்து, போயே போய்விட்டது. பிள்ளைக்குத் தேவைப்பட்டது முதுகையும் தலையையும் தாங்கிப் பிடிக்கிற சிறப்பு நாற்காலி. அட்டை இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியவில்லை. எல்லாம் சரியாகி நாற்காலி வருவதற்குள் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது. பத்து இலக்கத்தைச் சரியாகப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை இது. நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

இதில் சட்டமும் கொஞ்சம் கறார். 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி, விண்ணப்பித்தவர் பக்கமிருந்து பதில் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் முடிவாகாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலிழந்ததாகிவிடும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

கடைக்காரர் நம்பர் வேண்டாம் என்று சொன்னால், அடுத்துக் கொடுப்பது வீட்டுக்காரர் நம்பர். இதுவும் தவறுதான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. திங்கட்கிழமைதான் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அங்கிருந்து யாராவது சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால், போன் நடுக்கடலில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் ஆளோடு போனும் போயிற்று. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற பெண் எதற்கென்று அலைவாள்? கரையில் இருக்கிற போன் எதுவோ அதைக் கொடுங்கள். அநேகமாக அது பாட்டியின் பட்டன் போனாக இருக்கும். இருக்கட்டும், ஓடிபி அதிலும் வரும். இங்கிலீஷில் மெசேஜ் வந்தால் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டினால் போகிறது. ரீசார்ஜ் மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் பயன்படாத எண்ணை நிறுவனம் எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஆஃபர் சிம் வாங்கி ஆறு மாதத்துக்கு ஒரு நம்பர் மாற்றுகிற பழக்கம் இருந்தால், விண்ணப்பத்தில் கொடுத்த நம்பரைத் தொடாமல் வேறு நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆதார், யூடிஐடி, பேங்க் பாஸ்புக், நர்ஸ் கையில் இருக்கும் நோட்டு என்று நான்கு இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஆதாரில் எண்ணை மாற்ற, படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அஞ்சலகப் பேமெண்ட்ஸ் பேங்க் வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித் தரும் வசதி 2021-லிருந்து இருக்கிறது. தபால் ஆபீஸில் சொல்லிவைத்தால் வருவார். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி நம்பரைப் படியுங்கள். ஓடிபி உங்கள் கையில் இருக்கிற போனுக்கு வந்ததா என்று பாருங்கள். பதிவெண் உள்ள தாளை பிரிண்ட் எடுத்து வாங்காமல் நகராதீர்கள். ஏற்கெனவே தவறான எண் போயிருந்தால், அந்தப் பதிவெண்ணோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பதிவெண்ணும் இல்லை, நம்பரும் இல்லை என்று வருகிறவர்களுக்குத்தான் நானும் கையைப் பிசைகிறேன்.

அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வருவது

நகல் போதும். கட்சிக்காரராக இருந்தாலும் சரி, சொந்த மச்சானாக இருந்தாலும் சரி.

ஏர்வாடிக்குப் போகும்போது மாத்திரையை நிறுத்துவது

மனநோய் உள்ளவர்களை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போவதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள், மனசுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், அதுதான் என் பேச்சு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் “கட்டிப்போட்டால்தான் அடங்குவான்” என்று சொல்கிற வீடுகள் இருக்கின்றன. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்காகவே துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் சேர்ந்த திட்டத்தை அரசு அங்கே கொண்டுவந்தது. ராத்திரியில் ஒன்றும் புரியாமல் தவித்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள், காசு இல்லை. இன்னொன்று: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிற 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. கால் கை நன்றாக இருப்பவருக்குச் சான்றிதழ் தர மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊரில் பணம் மட்டும் கேட்பது

ஜமாத்திலும் சர்ச்சிலும் ஊர்க் கமிட்டியிலும் ஆபரேஷனுக்குப் பணம் கேட்கத் தயங்காதவர்கள், இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருக்க ஆள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பணம் ஒரு தடவைதான் தருவார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளிர் குழுவிலிருந்து ஒருவர் வந்து அத்தையோடு உட்கார்ந்தால், மருமகள் மார்க்கெட்டுக்காவது போய் வரலாம். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, என்ன வேலை.

ஆண்கள் கை தேவைப்படுகிற வேலைகளுக்கு மீன்பிடித் தடைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். வாசற்படியில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டுவது, குளியலறையில் பிடிமானக் கம்பி பதிப்பது, பெரிய ஆளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் அப்போது சொன்னால் நடக்கும். ஜூலையில் கேட்டால் “பாப்போம்க்கா” என்பார்கள்.

தன் உடம்பைப் பார்க்காமல் விடுவது

மாத்திரை கொடுக்க வருகிற அக்காவிடம் உங்கள் கையையும் நீட்டி பிபி பார்க்கச் சொல்லுங்கள்.

பதினெட்டு வயதை மறப்பது

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இது. பதினெட்டு முடிந்ததும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் மேஜர். பேங்கில் அம்மா கையெழுத்து செல்லாது என்று திடீரென்று சொல்வார்கள், அப்போதுதான் ஓடி வருவார்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டப்படியான காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழு இதைப் பார்க்கிறது. பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றில்லை, உறவினரும் விண்ணப்பிக்கலாம். ஆகவே அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டிருந்தால், அடுத்துப் பார்க்கப் போவது அண்ணனா அக்காவா என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு அவர் பெயரிலேயே போடுங்கள். நியமனமான ஆறு மாதத்துக்குள் காப்பாளர் பிள்ளையின் சொத்து விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெயரில் வீட்டுமனை ஏதாவது இருந்தால் பத்திரத்தின் நகலை இப்போதே ஃபைலில் வைத்துவிடுங்கள்.