மாணவர் விசாவிலிருந்து வாழ்க்கைத்துணை விசாவுக்கு: சென்னையில் செய்ய வேண்டியது

தங்கை லண்டனில் படிக்கிறாள். மாப்பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன். கல்யாணம் மயிலாப்பூரில். காகித வேலையெல்லாம் நான்தான் பார்த்தேன்.

முதலில், கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். மண்டப ரசீதும் பத்திரிகையும் மட்டும் போதாது. சான்றிதழை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்க, சான்றிதழில் வெறும் ‘ஆர்’ என்று வந்தால் வேறு ஆள் மாதிரி தெரியும். நம் இனிஷியல் வழக்கம் அங்கே புரியாது.

மாணவர் விசா முடிவதற்குள் அங்கிருந்தபடியே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் வாங்கிய பட்டம் இருந்தால் தனி ஆங்கிலத் தேர்வு வேண்டாம். வருமானம் பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண்டு காட்ட வேண்டும்.

முடிவு வரும்வரை சென்னைக்கு டிக்கெட் போடவே கூடாது. நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பம் வாபஸ் வாங்கியதாகிவிடும். பொங்கலுக்கு வரச் சொல்லி அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் சரி, விசா கைக்கு வரட்டும்.