கவுன்சிலிங் படிக்கப் போறீங்களா? எங்க தமிழ்நாடு-கேரளா பார்டர் பக்கத்துப் பசங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

மே கடைசி ஆச்சுன்னா எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும். "அக்கா, டிகிரி முடிச்சுட்டேன், கவுன்சிலர் ஆகோணும், எங்க சேர்றதுங்க?" நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, கோயமுத்தூர்ல கவுன்சிலிங் சைக்காலஜில எம்.எஸ்சி பண்ணினேன், இப்ப பாலக்காட்டுலயும் கோயமுத்தூர்லயும் படிக்கற பசங்களுக்கு சூப்பர்விஷன் குடுக்கறேன், அதாவது அவங்க பண்ற கவுன்சிலிங்கப் பாத்து திருத்தற வேலை, அதனால எந்தெந்த எடத்துல வழுக்குதுன்னு பக்கத்துல இருந்து பாக்கறேன். அதுல சிலது நானே வழுக்கின எடம். போன்ல அரை மணி நேரத்துல சொல்லி முடியறதில்ல, அதான் எழுதறேன்.

முதல்ல கோர்ஸ். நம்ம நாட்டுல கவுன்சிலர்ங்கற பேர யாரு வேணா போட்டுக்கலாம்ங்கற நிலைமை ரொம்ப நாளா இருந்துச்சு, அதனால மூணு மாச டிப்ளமோ, ஆறு மாச சர்ட்டிபிகேட்னு கடை விரிச்சு வெச்சிருக்காங்க, அத முடிச்சுட்டு போர்டு மாட்டிக்கறவங்களும் இருக்காங்க. ஒரு மனுஷனோட உசுரு சம்பந்தப்பட்ட வேலைக்கு அது பத்தாதுங்க. ரெண்டு வருஷ முதுகலைதான் அடிப்படை. அதுலயும் கவுன்சிலிங் சைக்காலஜி வேற, அப்ளைடு சைக்காலஜி வேற, சமூகப்பணிப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூல மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் எடுக்கறது வேற. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்ங்கறது இது எதுவுமே இல்ல, அதுக்கு ஆர்.சி.ஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அங்கீகரிச்ச தனிப் படிப்பு முடிச்சு அங்க ரிஜிஸ்டர் பண்ணணும், அது 1992ல வந்த சட்டம். எம்.எஸ்சி முடிச்ச கையோட விசிட்டிங் கார்டுல கிளினிக்கல்னு அடிச்சுட்டு வந்த பசங்கள நான் பாத்திருக்கேன், அது தெரியாம பண்ற தப்புதான், ஆனா சட்டப்படி தப்பு.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். நம்ம பக்கம் வேலைக்குப் போயிட்டே, கல்யாணம் ஆனதுக்கப்புறம் கொழந்தைய வெச்சுட்டே, தபால்ல எம்.ஏ சைக்காலஜி படிச்சவங்க நெறைய. 2021ல அலைடு அண்ட் ஹெல்த்கேர் ப்ரொபஷன்ஸ் கமிஷன் சட்டம் வந்துச்சு, கிளினிக்கல் தவிர மத்த சைக்காலஜிஸ்டுகளும் பலவகை கவுன்சிலர்களும் அதோட பட்டியல்ல இருக்காங்க. அதத் தொட்டு 2025 ஜூலை-ஆகஸ்ட் அட்மிஷன்ல இருந்து சைக்காலஜிய தொலைதூரக் கல்வியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி சொல்லிருச்சு. இன்னும் யாராவது "வீட்டுல இருந்தே எம்.எஸ்சி சைக்காலஜி, புது அட்மிஷன்"னு கூப்புட்டா பணத்தக் கட்டறதுக்கு முன்னாடி யு.ஜி.சி சைட்ல போயி பாருங்க. வீட்டுப் பொண்ணுங்களுக்கு இது பெரிய அடிதான், எனக்கும் வருத்தமா இருக்கு, ஆனா ஆளு முகத்தப் பாக்காம இந்த வேலையக் கத்துக்க முடியாதுங்கறதும் உண்மை.

காலேஜ்ல போயி விசாரிக்கறப்போ எல்லாரும் கேக்கறது பீஸ் எவ்வளவு, பிளேஸ்மெண்ட் இருக்கா, இது ரெண்டுதான். கேக்க வேண்டிய கேள்வி வேற. நேரடியா கிளையண்ட் முன்னாடி எத்தன மணி நேரம் உக்கார வெப்பீங்க, அதப் பாத்து திருத்தறதுக்கு யாரு இருக்காங்க, வாரத்துக்கு எத்தன தடவ? அமெரிக்காவுல சி.ஏ.சி.ஆர்.ஈ.பின்னு எழுத்துக் கூட்டாம கேக்ரெப்னு சொல்ற அங்கீகாரம் இருக்கு, அதுல முதுகலைன்னா 60 கிரெடிட், பிராக்டிகம்ங்கற முதல்கட்டப் பயிற்சி 100 மணி நேரம், அதுல 40 மணி நேரம் நேரடியா ஆளோட, அதுக்கப்புறம் இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம், அதுல 240 நேரடி. வெளிநாடு போற ஆசை இருக்கறவங்க இத முன்னாடியே தெரிஞ்சுக்கணும், இங்க படிச்சது அங்க அப்படியே செல்லாது. போகாதவங்களுக்கும் இது ஒரு அளவுகோல். நம்ம காலேஜ்ல "ஒரு மாசம் ஆஸ்பத்திரில அப்சர்வேஷன்"னு முடிச்சுட்டாங்கன்னா மிச்சத்த நீங்களே தேடி சேத்துக்கணும்.

இன்டர்வியூல ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டா பத்துல எட்டு பேரு சொல்றது, "எல்லாரும் என்கிட்டதான் மேடம் பிரச்சனைய சொல்லுவாங்க, நான் நல்லா அட்வைஸ் பண்ணுவேன்". ஊர்ல அந்தப் பேரு இருக்கறது நல்ல கொணம்தான். ஆனா முதல் செமஸ்டர்ல உங்ககிட்ட இருந்து புடுங்கி வெக்கப் போறதே அந்த அட்வைஸத்தான். அதுக்குத் தயாரா வரலைன்னா ரெண்டு வருஷமும் சண்ட போட்டுட்டே இருப்பீங்க.

இப்ப நான் முக்கியமா சொல்ல நெனச்சதுக்கு வர்றேன். படிக்கறப்போ பண்ற தப்புலயே பெரிய தப்பு, சூப்பர்வைசர்கிட்ட தப்ப மறைக்கறது. மத்ததெல்லாம் திருத்திக்கலாம், இது உள்ளயே இருந்து அரிச்சிரும்.

எப்படி மறைப்பாங்கன்னு சொல்றேன். கிளையண்ட் என்ன சொன்னாரு, நான் என்ன சொன்னேன்னு வரிக்கு வரி எழுதிக் குடுக்கறதுதான் வெர்பேட்டிம். பசங்க அத வீட்டுக்குப் போயி எழுதறப்போ மண்டைக்குள்ள ஒரு எடிட்டிங் நடந்திரும். "அழாதீங்கம்மா, எல்லாம் சரியாயிரும்"னு சொல்லியிருப்பாங்க, பேப்பர்ல "உங்களுக்கு ரொம்ப பாரமா இருக்கறது புரியுது"ன்னு இருக்கும். பொய் சொல்லணும்னு இல்லைங்க, மார்க்கு பயம். கார்ல் ராஜர்ஸ் 1940கள்லயே செஷன ரெக்கார்ட் பண்ணி வரிக்கு வரி எழுதி மாணவங்களோட உக்காந்து படிச்சதே இதுக்குத்தான், ஞாபகத்த நம்ப முடியாது. கிளையண்ட் சம்மதம் எழுதி வாங்கி ஆடியோ எடுங்க. சம்மதிக்கலைன்னா செஷன் முடிஞ்ச பத்து நிமிஷத்துக்குள்ள, பஸ் ஏறறதுக்கு முன்னாடியே எழுதிருங்க.

என் கதையவே சொல்றேன், ஆளு தெரியாதபடி மாத்திட்டேன். ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு அம்மா, வீட்டுக்காரரு குடி. எங்க பக்கம் தென்னந்தோப்பும் கள்ளுக்கடையும் இருக்கற ஊரு, எங்க அப்பாவும் குடிச்சவருதான். அந்தம்மா பேசப் பேச எனக்கு எங்க வீட்டுத் திண்ணதான் தெரியுது. நான் அவங்கள "நீங்க ஏன் அம்மா வீட்டுக்குப் போகல"ன்னு மூணு தடவ கேட்டிருக்கேன். அது அவங்களுக்குக் கேட்ட கேள்வி இல்ல, எங்க அம்மாவுக்குக் கேக்க நெனச்சு கேக்காம விட்டது. அத நான் வெர்பேட்டிம்ல எழுதல. அந்தம்மா அடுத்த வாரம் வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. நாலு மாசம் கழிச்சுதான் சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன், அவங்க திட்டல, "முதல் வாரமே சொல்லியிருந்தா அவங்கள தக்க வெச்சிருக்கலாமே"ன்னு மட்டும் சொன்னாங்க. இன்னும் அது எனக்கு நெஞ்சுல கெடக்கு. அதனால என்கிட்ட வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லிருவேன், செஷன்ல உங்களுக்கு வெக்கமான எடம் எதுவோ அதத்தான் முதல்ல எடுத்துட்டு வரணும், நல்லா போன எடத்த நான் கேக்கவே மாட்டேன்னு. நீங்களும் ஒரு கவுன்சிலர்கிட்ட கிளையண்டா உக்காருங்க. கோர்ஸ்ல கட்டாயம் இல்லாட்டியும் உக்காருங்க.

அடுத்தது பாஷை. வெளியூர்ல எழுதின புஸ்தகத்துல இது இருக்காது, ஆனா பார்டர்ல இதுல தடுக்கி விழாத ஆளே இல்ல. எங்க பசங்க வீட்டுல தமிழ், ஸ்கூல்ல மலையாளம், படிக்கறது இங்கிலீஷ். ஒரு வயசான அம்மா "பயங்கர விஷமம்"னு சொன்னத கோயமுத்தூர்ல இருந்து வந்த பொண்ணு "மருமக விஷமம் பண்றாங்க"ன்னு நோட்ஸ்ல எழுதி வெச்சிருந்துச்சு. மலையாளத்துல விஷமம்னா துக்கம், வேதனை. அந்தம்மா அழுதுட்டு இருந்திருக்காங்க. அதே மாதிரி "பேடி"ன்னா அங்க பயம், இங்க அது திட்டு. ஒரு ஸ்கூல் பையன் "எனக்கு பேடி வருது"ன்னா அவன் தன்னத் தானே திட்டிக்கல, பயமா இருக்குன்னு சொல்றான். "அவசரம்" அங்க வாய்ப்பு, இங்க அர்ஜெண்டு. சந்தேகம் வந்தா கூச்சப்படாம கேளுங்க, "நீங்க சொல்ற விஷமம் எப்படி இருக்கும், எங்க தெரியும்?"னு. அந்தக் கேள்வியே பாதி கவுன்சிலிங். டிப்ரஷன், ஆங்சைட்டின்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க, நெஞ்சு அடைக்குது, தல பாரம், சோறு எறங்கல, ஒடம்புல சத்தே இல்லைன்னுதான் வருவாங்க. மனச்சோர்வ அளக்கற பி.எச்.கியூ-9ங்கற படிவத்துல ஒம்பது கேள்வி, அத ஒப்பிக்கற மாதிரி படிச்சு டிக் போட்டா ஸ்கோரு வரும், ஆளு வராது.

அதுல ஒம்பதாவது கேள்வி சாகணும்ங்கற எண்ணத்தப் பத்தினது. அங்க வந்ததும் பசங்க கொரல் எறங்கிரும், சிலரு தாண்டியே போயிருவாங்க. கேட்டா நாமளே அந்த எண்ணத்த மனசுல போட்ட மாதிரி ஆயிருமோன்னு பயம். ஆகாதுங்க, இது ஆராய்ஞ்சு பாத்த விஷயம், நேரா கேக்கறதால எண்ணம் வர்றதில்ல, பல பேருக்கு "அப்பாடா ஒருத்தர் கேட்டாங்களே"ன்னுதான் இருக்கும். சுத்தி வளைக்காம "செத்துப் போயிரலாம்னு தோணுதுங்களா?"ன்னு கேளுங்க. தோணுதுன்னா எப்பிடி, எப்போ, கைக்கு எட்டற தூரத்துல என்ன இருக்குன்னு கேளுங்க. எங்களது விவசாய ஊரு, பூச்சிமருந்து எல்லா வீட்டுலயும் இருக்கு, அத வீட்ட விட்டு எடுக்க வெக்கறதே உசுரக் காப்பாத்தற வேலை. கேஸ் ஆயிரும்னு குடும்பம் பயந்தா, 2017 மனநலச் சட்டம் 115ஆவது பிரிவு முயற்சி பண்ணினவங்கள கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும்னு சொல்லுதுன்னு எடுத்துச் சொல்லுங்க. அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ், நம்பர் 14416, தமிழ்லயும் பேசுவாங்க மலையாளத்துலயும் பேசுவாங்க, அத எழுதிக் கையில குடுத்து அனுப்புங்க. அன்னிக்கே சூப்பர்வைசருக்கு போன் அடிக்கணும், நடுராத்திரி ஆனாலும்.

ரகசியம் காக்கறதப் பத்தி ஒன்னு. டவுன்ல படிச்சுட்டு ஊருக்கு வந்தா கிளையண்ட் உங்க சித்தப்பாவோட பங்காளியா இருப்பாரு, அதே பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காருவாரு. முதல் செஷன்லயே பேசி வெச்சுக்கங்க, "வெளிய பாத்தா நானா வந்து பேச மாட்டேன், நீங்க பேசினா பேசறேன்"னு. சொந்தக்காரங்கள நீங்களே எடுக்காதீங்க. ஆனா எதையும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் மட்டும் பண்ணிராதீங்க, பசங்க நல்ல மனசுல பண்றது அது. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தைக்கு பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சா போக்சோ 19ஆவது பிரிவுப்படி போலீசுக்கு சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா நம்ம மேலயே கேஸ். இத கொழந்தைகிட்ட முதல்லயே அதுக்குப் புரியற மாதிரி சொல்லிட்டு ஆரம்பிக்கணும், நடுவுல தெரிஞ்சா நம்பிக்க ஒடஞ்சிரும்.

மாத்திர விஷயத்துல தலையிடவே கூடாது. "மாத்திர எதுக்குங்க, பேசினாலே சரியாயிரும்"னு ஒரு வார்த்த விட்டீங்கன்னா அவங்க அன்னிக்கே நிறுத்திருவாங்க, திரும்ப முத்திரும். அதே மாதிரி சாமி, மந்திரவாதின்னு போயிட்டு வந்தவங்கள கேலி பண்றதும் தப்பு, சோட்டானிக்கரைக்கோ குணசீலத்துக்கோ போறாங்கன்னா போகட்டும், கூடவே டாக்டரையும் பாக்க வைங்க. கட்டிப் போட்டு வெச்சிருந்தா மட்டும் வேற பேச்சே இல்ல. 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடில ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலில கட்டிக் கெடந்தவங்க தீயில ஓட முடியாம செத்தாங்க, 28 பேரு. இப்ப சங்கிலி போடறது சட்டப்படியே கூடாது.

கடைசியா, முடிக்கறது எப்பிடின்னு யாருமே கத்துக்காம போறாங்க. ஏப்ரல்ல இன்டர்ன்ஷிப் முடியும், சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டு பசங்க ஊருக்குக் கெளம்பிருவாங்க. போன வருஷம் ஒரு சென்டர்ல ஒரு பாட்டி வியாழக்கெழம ஆனா வந்து பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, "அந்தக் கண்ணு இன்னிக்கும் வரலீங்களா?"ன்னு கேட்டுட்டு போவாங்க, அப்பிடி நாலு வாரம். அந்தப் புள்ள நல்ல புள்ள, நல்லாவே பேசியிருக்கு, ஆனா போறேன்னு சொல்லல. குறைஞ்சது மூணு செஷனுக்கு முன்னாடியே கடைசித் தேதிய சொல்லுங்க, அவங்களுக்கு வருத்தமோ கோவமோ வந்தா அதையும் அங்கயே பேசுங்க, அடுத்து யாரு பாக்கப் போறாங்கன்னு காட்டி நேர்ல கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சு பேரச் சொல்லிட்டு அப்புறமா பஸ் ஏறுங்க.