பழைய எஞ்சினில் டிப்ஸ்டிக் தேடும்போது விடக்கூடாத பிழைகள்

பொனட்டைத் திறந்ததும், எஞ்சின் ஒயில் மட்டத்தைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மஞ்சள் பிடி கண்ணில் படும் என்று நினைப்பதுதான் முதற்பிழை. அந்தப் பிளாஸ்டிக் பிடி பிந்திய காலத்து வசதி. மொறிஸ் மைனர் காலத்துக் கார்களில் இருப்பது விரல் நுழையும் அளவுக்கு வளைத்த ஒரு கம்பிதான். அதுவும் ஒயிலும் தூசியும் படிந்து எஞ்சினின் நிறத்துக்கே வந்திருக்கும். ஆகவே பிடியைத் தேடாமல் குழாயைத் தேடுங்கள். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் சட்டியிலிருந்து பார்வையை மேலே கொண்டுபோனால், சட்டியிலோ அதற்குச் சற்று மேலே புளொக் எனப்படும் எஞ்சின் உடலிலோ ஒரு மெல்லிய குழாய் நுழைவது தெரியும். அதன் மறுமுனையில் டிப்ஸ்டிக் இருக்கும். சில எஞ்சின்களில் குழாய் மிகவும் கட்டையாக இருக்கும். கம்பி புளொக்கின் துளைக்குள் நேரே இறங்கும்.

மொறிஸ் மைனரில் அது, சாரதி ஆசனத்திலிருந்து பார்க்க, எஞ்சினின் வலப்பக்கம், பிளக் வயர்கள் வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம். கார்பரேட்டர் பக்கம் துழாவினால் சூடான மனிஃபோல்டில் கைதான் வேகும். ஒஸ்டின் மினியில் அதே எஞ்சின் வகை குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால் டிப்ஸ்டிக் முன் கிரில் பக்கம் வந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் முன்மூடியைத் திறந்து பயனில்லை. எஞ்சின் பின்னால், டிப்ஸ்டிக் பெல்ட் ஓடும் சக்கரத்துக்கு அருகே. அந்த எஞ்சின் கொள்வதே சுமார் 2.5 லீற்றர்தான் என்பதால் அரை லீற்றர் குறைந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

டொல்பின் வானிலும் பழைய வெனெட்டிலும் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே. சீற்றின் கொளுக்கியைக் கழற்றித் தூக்கி, அது திரும்ப விழாதபடி நிறுத்திய பிறகே கையை உள்ளே விடுங்கள். எல்ஃப், கென்டர் லொறிகளில் கெபினைக் கவிழ்க்க முன் ஒருமுறை கெபினுக்குப் பின்புறம் பாருங்கள். பல மொடல்களில் டிப்ஸ்டிக் அங்கிருந்தே எட்டும். கவிழ்ப்பதானால் தாங்குகம்பியின் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் கீழே குனியவே கூடாது.

எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை, வேறொரு கம்பியை எஞ்சின் டிப்ஸ்டிக் என்று நம்புவது. பழைய ஜப்பான் ஓட்டோ கியர் வாகனங்கள் பலவற்றில் கியர்பொக்ஸுக்கும் தனி டிப்ஸ்டிக் உண்டு. பெரும்பாலும் எஞ்சினின் பின்பக்கம், டாஷ்போர்ட் சுவரை ஒட்டி. அதில் வருவது சிவப்புத் திரவம். பழசானால் அதுவும் கபிலமாகிவிடும், ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அந்தக் குழாய்க்குள் எஞ்சின் ஒயில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். கியர்பொக்ஸை வடித்துவிட்டுத்தான் மறுவேலை. பார்க்கும் முறையும் வேறு: எஞ்சின் ஒயிலை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், கியர்பொக்ஸ் ஒயிலைப் பெரும்பாலான வாகனங்களில் எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

டிப்ஸ்டிக் கிடைத்த பிறகும் வாகனம் நிற்கும் இடம் பிழைத்தால் அளவு பிழைக்கும். புறக்கோட்டையில் ஒரு பக்க ரயரை நடைபாதையில் ஏற்றி நிறுத்திய லொறியிலோ, சரிவான ஒழுங்கையில் நிற்கும் காரிலோ பார்க்காதீர்கள். பெற்றோல் செட்டின் சமதரை நல்லது. எஞ்சினை நிறுத்தி 5 முதல் 10 நிமிடம் விட்டு, கம்பியை இழுத்துத் துடைத்து, அடிவரை அழுத்திச் செருகி, மீண்டும் எடுங்கள். இரு பக்கத்தையும் பாருங்கள். குழாயின் உட்சுவரில் உரசிய பக்கத்தில் ஒயில் மேலே இழுபட்டிருக்கும். தாழ்வாகவும் நேர்க்கோடாகவும் தெரிவதே உண்மையான மட்டம். டீசல் எஞ்சினில் ஒயில் கறுத்திருப்பது வழமை. பால்தேநீர் போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது, ஓட்டாதீர்கள்.

டிப்ஸ்டிக் தொலைந்துபோனால் துணியால் குழாயை அடைக்கும் பழக்கம் இங்கு நிறைய. துணி உள்ளே விழுந்தால் ஒயில் உறிஞ்சும் வலையை மறைத்துவிடும். வெளியே எகிறினால் ஒயில் சூடான சைலன்சரில் தெறித்துத் தீப்பிடிக்கக்கூடும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம், ஆனால் வாகனத்தின் பெயரைச் சொல்லி வாங்காமல் புளொக்கில் வெட்டியிருக்கும் எஞ்சின் மொடலைச் சொல்லி, குழாயோடு சேர்த்து வாங்குங்கள். எஞ்சின் மாற்றிய வாகனங்களில் இது இன்னும் முக்கியம். குழாய் கட்டையானால் கம்பி ஆழமாக இறங்கி, ஒயில் குறைந்திருந்தும் நிறைந்ததாகக் காட்டும். குழாய் நீண்டால் அளவுக்கு மேல் ஊற்றுவீர்கள். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும், சீல்கள் கசியும்.

சந்தேகமானால் அளவை நீங்களே குறிக்கலாம். ஒயிலை முழுதாக வடித்து, புது ஃபில்டர் போட்டு, எஞ்சின் புத்தகத்தில் ஃபில்டரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அளவில் 1 லீற்றர் குறைத்து ஊற்றுங்கள். இது கார், வான்களுக்கான கணக்கு. அவற்றில் பெரும்பாலும், கம்பியில் குறைந்த அளவைக் காட்டும் கீழ்க்கோட்டுக்கும் நிறைந்த அளவைக் காட்டும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் 1 லீற்றர். பெரிய லொறி எஞ்சினுக்குப் புத்தகம் சொல்லும் இடைவெளியை எடுங்கள். 2 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, 10 நிமிடம் கழித்து ஒயில் நிற்கும் இடம் கீழ்க்கோடு. மீதியை ஊற்றிச் சிறிது பொறுத்துப் பார்த்தால் மேல்கோடு. அரத்தால் மெல்லக் கீறினால் போதும். ஆழமாக வெட்டினால் கம்பி அந்த இடத்திலேயே முறிந்து சட்டிக்குள் விழும்.