போன பாக்கெட் திரும்பி வர வழி இருக்கிறதா? ரூட் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

இராமநாதபுரத்தில் தலைமை அலுவலகம், மண்டபத்தில் ஐஸ் பிளாண்ட், ராமேஸ்வரத்தில் ஒரு கிளை. இந்த அளவு நெட்வொர்க்குக்கு ஸ்டாட்டிக் ரூட்டே, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டரில் நாமே கையால் எழுதுவதே, தாராளம். ஆனால் எழுதியதைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

அதிகம் பார்க்கும் தவறு, ஒரு பக்கம் மட்டும் ரூட் கொடுப்பது. மண்டபம் 192.168.20.0/24, தலைமை அலுவலகம் 192.168.10.0/24 என்று வையுங்கள். மண்டபம் ரவுட்டரில் 10-க்கு வழி எழுதியாயிற்று. தலைமை அலுவலக ரவுட்டரில் 20-க்கு வழி எழுதவில்லை. பாக்கெட் போய்ச் சேரும். பதில்தான் டீஃபால்ட் ரூட் (தனி வழி எழுதாத முகவரிகளுக்கான பொது வழி) வழியாக இன்டர்நெட் பக்கம் போய்த் தொலையும். இதில் ஏமாற்றும் விஷயம், மண்டபம் ரவுட்டரிலிருந்தே பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால் பதில் வந்துவிடும். காரணம், அந்த பிங் இரண்டு ரவுட்டருக்கும் இடையிலுள்ள லிங்க் ஐபியிலிருந்து கிளம்புகிறது. அது இருவருக்கும் தெரிந்த முகவரி. ஆகவே ரவுட்டரின் லேன் ஐபியை (மண்டபத்தில் 192.168.20-ல் உள்ள முகவரி) சோர்ஸாக, அதாவது அனுப்புபவர் முகவரியாக வைத்து பிங் செய்யுங்கள். அதற்கு முன் ஃபயர்வாலைக் குடைய வேண்டாம்.

ராமேஸ்வரத்திலிருந்து எந்த ஊருக்குச் சாலையில் போனாலும் பாம்பன் பாலம்தான். அந்தக் கிளை ரவுட்டருக்கும் அப்படித்தான், 0.0.0.0/0 என்ற டீஃபால்ட் ரூட் ஒன்றே போதும். ஆனால் தலைமை அலுவலகத்தின் டீஃபால்ட் ரூட்டும் கிளையைப் பார்த்தால், யாருக்கும் தெரியாத முகவரிக்கான பாக்கெட் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண்ணிக்கை) தீரும்வரை இருவருக்கும் நடுவே அலையும். பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் அதே இரண்டு ஐபி மாறி மாறி வந்தால் இதுதான் சங்கதி.

ஈத்தர்நெட்டில் டீஃபால்ட் ரூட்டுக்கு இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் போர்ட்) பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு இன்டர்நெட் முகவரிக்கும் ரவுட்டர் ஏஆர்பி (இந்த ஐபி எந்தக் கருவியுடையது என்ற கேள்வி) கேட்கத் தொடங்கிவிடும். நெக்ஸ்ட் ஹாப் (அடுத்த ரவுட்டர்) ஐபியைச் சேர்த்து எழுதுங்கள். பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் இன்டர்ஃபேஸ் மட்டும் போதும்.

அப்புறம் பேக்கப். ஃபைபருக்கு டிஸ்டன்ஸ் (குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை) 1, 4ஜிக்கு 10 என்று வைத்தால் முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்பத்துக் கம்பம் போகும் ஃபைபர் அறுந்தாலும், ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) இடையிலுள்ள கேபிள் உயிரோடுதான் இருக்கும். இன்டர்ஃபேஸ் விழாது, ரூட் போகாது, 4ஜி சும்மா நிற்கும். மைக்ரோடிக் ரவுட்டரில் கேட்வேயை (நெக்ஸ்ட் ஹாப்பை) பிங் செய்து சரிபார்க்கும் வசதி உண்டு; ஆனால் ஓஎன்டியே கேட்வே என்றால் அது எப்போதும் பதில் சொல்லும். வெளியே இருக்கும் 8.8.8.8 போன்ற முகவரியைச் சோதிக்க வேண்டும். சிஸ்கோ ரவுட்டரில் ஐபி எஸ்எல்ஏவும் (விடாமல் பிங் செய்வது) ட்ராக்கும் (அது தோற்றால் ரூட்டை எடுப்பது) அதற்குத்தான். அந்தச் சோதனை முகவரிக்கு ஃபைபர் வழியாக மட்டும் தனி /32 ரூட் (அந்த ஒரே முகவரிக்கான வழி) எழுத மறந்தால், 4ஜிக்கு மாறியதும் பிங் அதன் வழியே ஜெயிக்கும், ஃபைபர் சரியாகிவிட்டது என்று ரவுட்டர் நம்பும், திரும்பவும் விழும். நாள் முழுக்க இந்த ஊசலாட்டம்தான்.

கிளையின் டீஃபால்ட் ரூட்டைத் தூரத்திலிருந்து மாற்றுவதானால், சிஸ்கோவில் முதலில் 10 நிமிடத்தில் ரீலோட் (ரீஸ்டார்ட்) ஆகும்படி போட்டுவிட்டு, சேமிக்காமல் மாற்றுங்கள். மைக்ரோடிக்கில் சேஃப் மோட். இணைப்பு அறுந்தால் பழைய ரூட் தானே திரும்பும், ராமேஸ்வரம்வரை 50 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டாம். எல்லாம் சரி என்றால் ரீலோடை ரத்து செய்துவிட்டு உடனே சேமியுங்கள். சேமிக்காத சிஸ்கோ கான்ஃபிக் அடுத்த கரன்ட் கட்டோடு போய்விடும்.