நினைவிழந்த சுழியோடிக்கு நீரிலேயே மூச்சுக் கொடுத்தல்

யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ சிலிண்டர் பூட்டிக் கடலட்டைக்குச் சுழியோடப் போன ஒருவர் நீருக்குள் நினைவிழந்தால், முதல் சில நிமிடங்களில் அவருக்குக் கிட்டவுள்ள ஒரே உதவி உடன் சென்றவர்தான். மூழ்கியவரின் இதயம் பெரும்பாலும் ஒட்சிசன் கிடைக்காமையால் நிற்கிறது. ஆகவே சிகிச்சை நெஞ்சை அழுத்துவதில் தொடங்காமல் மூச்சுக் கொடுப்பதில் தொடங்க வேண்டும். பயிற்சியில்லாதவர் நீருக்குள் இதை முயல்வது அவருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இக்குறிப்பைப் பயிற்சி பெற்றவருக்கான நினைவூட்டலாகவே கொள்ளவும்.

ஆழத்தில் கிடப்பவரின் வாயில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) இருந்தால் அதை விழாமல் பிடித்தபடி மேலே கொண்டுவர வேண்டும், கழன்றிருந்தால் திரும்பச் செருகுவதில் நேரத்தைச் செலவிடக் கூடாது. மேலேறும்போது நுரையீரலிலுள்ள காற்று விரிந்து தானாக வெளியேறும். அதற்கு வழிவிடும்படி கழுத்து முன்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேற்பரப்பை அடைந்ததும் முதலில் இருவரும் மிதக்க வேண்டும். மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி, ஈயப் பட்டியைக் கழற்றிவிட்டு, படகிலிருப்பவரைக் கூவி அழையுங்கள். பின்னர் மூழ்கியவரது முகமூடியையும் ரெகுலேட்டரையும் அகற்றி, தலையைப் பின்னே சாய்த்து நாடியை (முகவாயை) உயர்த்தி, பத்துச் செக்கனுக்கு மேற்படாமல் மூச்சுண்டா என்று பாருங்கள். எப்போதாவது ஒருமுறை வாய் திறந்து இழுப்பதை மூச்சென்று நம்ப வேண்டாம். மூச்சில்லையெனில் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் பொருத்தி, ஒவ்வொன்றும் ஒரு செக்கன் அளவாக இரண்டு மூச்சு ஊதுங்கள். நெஞ்சு மெல்ல உயர்ந்தால் அது போதும், பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குள் இறங்கி வாந்தியெடுக்க வைக்கும். கச்சான் காற்றில் அலையெழும் நாளில், இரு மூச்சுகளுக்கு இடையே அவரது வாயையும் மூக்கையும் கையால் மறைத்துக்கொள்வது அவசியம்.

அடுத்து எடுக்க வேண்டிய முடிவில்தான் பலர் தடுமாறுகின்றனர். கடலடி மருத்துவ வல்லுநர்கள் 2012 இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, படகோ கரையோ ஐந்து நிமிடத்துக்குள் எட்டுமாயின் இடையிடையே மூச்சுக் கொடுத்தபடி இழுத்துச் செல்லலாம். அதற்கு மேல் ஆகுமாயின் ஒரு நிமிடம் மூச்சுக் கொடுத்துப் பார்த்து, அசைவேதும் இல்லையென்றால், மூச்சுக் கொடுப்பதற்காக நிற்காமல் இழுத்துச் செல்வதே முறை. ஏனெனில் இதயம் நின்றிருந்தால் மூச்சு மட்டும் பயன்தராது, நீரில் மிதந்துகொண்டு நெஞ்சை அழுத்தவும் முடியாது. நம்முடைய களப்புகளில் கரைக்கு வெகுதூரம் முன்னரே இடுப்பளவு நீர்தான். கால் ஊன்றியதும் மூச்சுக் கொடுப்பது எளிதாகும், ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் நகர வேண்டும்.

படகிலோ கரையிலோ வலைகளை ஒதுக்கிவிட்டுக் உறுதியான தளத்தில் மல்லாக்காகக் கிடத்தி, மீண்டும் ஐந்து மூச்சுக் கொடுங்கள் (இரண்டென்று பயிற்றப்பட்டவர்கள் இரண்டே கொடுக்கலாம்). பிறகு முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று தொடருங்கள். நெஞ்சு 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை அமிழ வேண்டும், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. நுரை வந்தால் துடைத்துக்கொண்டிராமல் அதனூடாகவே ஊதலாம், வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பித் துப்புரவாக்குங்கள். கரையில் கூடுவோர் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவோ தலைகீழாகத் தூக்கவோ முனைந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிட வேண்டும்.

ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். ஒட்சிசன் இருந்தால் கொடுங்கள். அவர் கண்விழித்துப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றே ஆக வேண்டும், நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். சுழியோடிய ஆழத்தையும் நேரத்தையும் எழுதி, அம்புலன்ஸில் வருவோரிடம் கொடுத்துவிடுங்கள்.