எட்டுப் பேருக்கு அத்தோ: யாங்கோன் வீட்டுக் கைக்கணக்கு

பர்மிய நூடுல்ஸ் கலவையான அத்தோவைக் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் பிசறி நீட்டிவிடுவார். அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் அரை நாள் வேலை கிடக்கிறது என்பது, வீட்டுக்கு நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்ட அன்றுதான் தெரியும். அத்தோ என்ற பர்மியச் சொல்லுக்கே கையால் பிசறியது என்றுதான் பொருள். நூடுல்ஸ் மட்டும் இல்லை, சமோசா, இஞ்சி, தேயிலை எல்லாவற்றையும் இங்கே பிசறித் தின்கிறோம். சென்னையில் ஆரஞ்சு நிறத்தில் கிடைக்கும் அத்தோ, பர்மாவிலிருந்து திரும்பிப் போனவர்கள் எடுத்துப்போனது. இங்கே சொல்லப்போவது நிறப்பொடி சேர்க்காத வீட்டு முறை. நிறமெல்லாம் வெங்காய எண்ணெய் தருவதுதான்.

எட்டுப் பேருக்குப் பச்சைக் கோதுமை நூடுல்ஸ் முக்கால் வீசை வாங்குங்கள். பர்மா வீசை சுமார் 1.63 கிலோ, ஆகவே முக்கால் வீசை என்றால் 1.2 கிலோ. ஆளுக்கு 150 கிராம் வரும். காய்ந்த நூடுல்ஸ் என்றால் 700 கிராம் போதும். பொரிக்க வெங்காயம் 600 கிராம், பச்சையாகப் போட 200 கிராம். கடலை எண்ணெய் 400 மில்லி (பேஜோ என்ற மொறுமொறு பருப்புத் தட்டு பொரிக்க இது போக இன்னும் அரை லிட்டர்). கடலை மாவு 200 கிராம், முட்டைக்கோஸ் 400 கிராம், புளி 80 கிராம், காய்ந்த மிளகாய் 25 கிராம், பூண்டு 100 கிராம், காய்ந்த இறால் பொடி 60 கிராம், மீன் சாஸ் 150 மில்லி, முட்டை 8, எலுமிச்சை 4, கொத்தமல்லி ஒரு கட்டு. சூப்புக்கு இளசான வாழைத்தண்டு அரைக் கிலோ. மளிகையும் மசாலாவும் தெய்ஞ்சி சந்தையில் ஒரே நடையில் முடிந்துவிடும். நூடுல்ஸை மட்டும் அன்று காலையில் வாங்குங்கள். முதல் நாள் நூடுல்ஸ் புளித்த வாடை அடிக்கும்.

முதல் நாள் ராத்திரி செய்து வைக்கக்கூடியவை இரண்டு. ஒன்று கடலை மாவு. அடி கனமான வாணலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் கை எடுக்காமல் வறுக்க வேண்டும். வெளிர் மஞ்சள் கோதுமை நிறத்துக்கு மாறும், பச்சை வாடை போய் வறுகடலை வாசனை வரும். அந்த இடத்தில் உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் அடி மாவு கருகி, மொத்தமும் கசந்துபோகும். பொட்டுக்கடலையைப் பொடித்தால் இந்த வேலையே இல்லையே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அது லேசாக இனிக்கும், அத்தோவின் புளிப்பை மழுக்கிவிடும். இரண்டாவது மிளகாய். வெறும் வாணலியில் மிளகாயைப் புரட்டி, ஆறியதும் கொரகொரப்பாக இடிக்க வேண்டும். நைஸாகப் பொடித்தால் தட்டு முழுவதும் சிவந்து, காரம் மட்டுமே நிற்கும். பேஜோவுக்குக் கடலைப்பருப்பு 100 கிராம் ஊறப் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

மிக்ஸி வேலை இருந்தால் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். இதை யாங்கோன்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அத்தோவின் உயிர் வெங்காய எண்ணெய். பர்மியர் ‘சீஜெ’ என்பது இதைத்தான். வெங்காயத்தைத் தோலுரித்து, இரண்டாக வெட்டி, எல்லாத் துண்டும் 2 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும்படி அரியுங்கள். ஒன்று மெலிந்து ஒன்று தடித்துப்போனால், தடித்தது வேகும் முன்னே மெலிந்தது கருகும், கருகியது எண்ணெய் முழுவதையும் கசக்கவைக்கும். எண்ணெயை மிதமாகக் காய்ச்சி, வெங்காயம் முழுவதையும் ஒரே தடவையில் போட்டு, அதற்குப் பிறகு அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள் சேருங்கள். வெறும் எண்ணெயில் மஞ்சளைப் போட்டால் நொடியில் கருகிவிடும். வெங்காயத்தின் ஈரம் இருக்கும்போது போட்டால் நிறம் மட்டும் இறங்கும்.

முதல் 12 நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். வெங்காயம் தண்ணீர் விட்டு, வாணலி முழுக்கப் பெரிய குமிழாகக் கொதிக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டக் கூடாது. குமிழ்கள் சிறுத்துச் சத்தம் அடங்கத் தொடங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். இனி கிளறிக்கொண்டே இருங்கள். வெங்காயம் வைக்கோல் நிறம் தாண்டி இளம் பொன்னிறம் வந்ததும் அரித்தெடுத்துக் காகிதத்தில் பரப்புங்கள். ‘இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்’ என்று நினைக்கும் அந்தக் கணம்தான் எடுக்க வேண்டிய கணம். வெளியே வந்த பிறகும் தன் சூட்டிலேயே இரண்டு படி சிவக்கும். மொத்தம் 20 முதல் 25 நிமிடம் ஆகும், பெரிய வெங்காயத்தில் நீர் அதிகம் என்பதால் இன்னும் ஐந்து நிமிடம் கூடலாம். பரப்பாமல் குவித்து வைத்தால் ஆவியில் நமத்துப்போகும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள். அதே எண்ணெயில் மெலிசாகச் சீவிய பூண்டு 60 கிராமைச் சிறு தீயில் பொரித்தெடுத்து, எண்ணெயை வடிகட்டி வையுங்கள்.

புளியை 400 மில்லி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து, வடிகட்டி, உப்பும் ஒரு தேக்கரண்டி பனைவெல்லமும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சைப் புளித்தண்ணீரை அப்படியே விட்டால் பல் கூசும், மாலைக்குள் வாடையும் மாறும்.

பேஜோ இல்லாமல் அத்தோ பிசறலாம், ஆனால் வாயில் நொறுங்க ஒன்றும் இருக்காது. அரிசி மாவு 150 கிராம், பசையரிசி மாவு 30 கிராம், கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 250 மில்லி தண்ணீர், அதில் வடித்த கடலைப்பருப்பு. மாவு ரவா தோசை மாவு போல ஓடவேண்டும். காய்ந்த எண்ணெயில், சட்டி விளிம்பை ஒட்டிக் கரண்டியைச் சரித்து ஊற்றினால் மெல்லிய தட்டாக விரியும். குமிழ் அடங்கும்வரை இரண்டு பக்கமும் விடுங்கள். நடு தடித்து மெதுவடை போல வந்தால் மாவு கெட்டி, இரண்டு கரண்டித் தண்ணீர் சேருங்கள். எண்ணெயில் சிதறிப் பருப்பு தனியாக ஓடினால் தண்ணீர் அதிகம், அரிசி மாவு ஒரு கை போடுங்கள்.

சூப்புக்கு வருவோம். வாழைத்தண்டின் மேல் பட்டையை, விரல் நகம் சுலபமாக இறங்கும் வெள்ளைத் தண்டு வரும்வரை உரித்துவிடுங்கள். வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வில்லைக்கும் நூல் வரும். ஆள்காட்டி விரலில் சுற்றி இழுத்தெறிய வேண்டும். இதில் சோம்பல்பட்டால் விருந்தாளி சூப்புக் குடிக்கும்போது பல்லிடுக்கில் நூல் இழுத்துக்கொண்டிருப்பார். அரிந்ததை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் இடித்த பூண்டு 40 கிராம், இஞ்சி ஒரு விரல் துண்டு, வெங்காயம் ஒன்று, மஞ்சள் கால் தேக்கரண்டி வதக்கி, இரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். நசுக்கிய எலுமிச்சம்புல் இரண்டு தண்டும் வாழைத்தண்டும் போட்டு 25 நிமிடம் வேகவிடுங்கள். வறுத்த கடலை மாவில் 60 கிராமைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சூப்பின் தீயைத் தணித்துவிட்டு, ஒரு கையால் ஊற்றி மறு கையால் கிளறுங்கள். தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றினால் சேமியா போலக் கட்டிகட்டும். இன்னும் 20 நிமிடம் சிறு தீ, அடிக்கடி அடிவரை துழாவுங்கள். மாவு அடியில் உட்காருகிற சாதி. கடைசியில் மீன் சாஸ் மூன்று மேசைக்கரண்டி, நுணுக்கிய மிளகு ஒரு தேக்கரண்டி. கரண்டியில் எடுத்தால் ரசத்தைவிடக் கொஞ்சம் கெட்டி, சாம்பாரைவிட நிச்சயம் நீர்த்து இருக்க வேண்டும்.

நூடுல்ஸை விருந்தாளி வருவதற்கு அரை மணி முன்னால் வேகவையுங்கள், அதற்கு முன் வேண்டாம். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, பச்சை நூடுல்ஸை ஒரு நிமிடம் மட்டும் முக்கி எடுங்கள். மஞ்சள் நூடுல்ஸில் காரத்தண்ணீர் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா போன்ற காரம்) சேர்த்திருப்பார்கள், அதன் நெடி இந்த முக்கலில் போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஓட்டைக் கூடையில் 15 நிமிடம் வடியவிடுங்கள். பலருக்கு அத்தோ கெடும் இடம் இதுதான். ‘வடிந்துவிட்டது’ என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கூடையைத் தட்டினால் இன்னும் அரை டம்ளர் இறங்கும். அந்தத் தண்ணீர் தட்டுக்குப் போனால் புளியும் உப்பும் நீர்த்துவிடும், மாவு கூழாகும். வடிந்ததும் இரண்டு மேசைக்கரண்டி வெங்காய எண்ணெயைப் பிசறி மூடிவையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துத் துண்டு துண்டாக ஒடியும்.

முட்டைக்கோஸைத் தலைமுடி போல அரிந்து உப்புப் போடாமல் வையுங்கள், உப்புப் பட்டால் தண்ணீர் விடும். பச்சை வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் நெடி அடங்கும்.

இனிப் பிசறுவது. எட்டுப் பேருக்கும் ஒரே அண்டாவில் கலக்க ஆசை வரும். வேண்டாம். மூன்றாவது ஆள் தட்டை நீட்டுவதற்குள் பொரித்த வெங்காயம் நமத்திருக்கும். ஆளுக்கு ஆள் தனித்தனிதான். அகலமான கிண்ணத்தில் நூடுல்ஸ் ஒரு பெரிய கைப்பிடி. முதலில் எண்ணெய், ஒன்றரை மேசைக்கரண்டி. விரல் நுனியால் தூக்கித் தூக்கி விடுங்கள், ஒவ்வொரு இழையும் பளபளக்க வேண்டும். அடுத்து வறுத்த கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி, தூவலாக. இப்போது இழைகள் மங்கி, மணல் ஒட்டியதுபோல ஆகும், அதுதான் சரி. அதன் மேல் புளித்தண்ணீர் ஒன்றரை மேசைக்கரண்டி, மீன் சாஸ் இரண்டு தேக்கரண்டி. மாவு அந்தப் புளிப்பைக் குடித்து, இழையோடு இழையாகப் பூச்சுப் பிடிக்கும். கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கவே கூடாது. வரிசையை மாற்றிப் புளியை முதலில் ஊற்றினால் நூடுல்ஸ் அதைக் குடித்து ஊறிவிடும், பிறகு போடும் மாவு ஒரு மூலையில் உருண்டையாக நிற்கும். அப்புறம் இறால் பொடி ஒரு தேக்கரண்டி, மிளகாய் அரைத் தேக்கரண்டி, முட்டைக்கோஸ் ஒரு கை, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை நாலு சொட்டு. கடைசியாகப் பொரித்த வெங்காயம், பூண்டு, நொறுக்கிய பேஜோ. இவற்றைப் போட்ட பிறகு இரண்டே புரட்டல். அவித்த முட்டையில் பாதியைக் கூட நறுக்கிச் சேர்க்கலாம், மீதிப் பாதி மேலே. கை வைத்துத்தான் பிசற வேண்டும், இடுக்கிக்கு ஈரம் தெரியாது. வெளியாள் வரும் வீட்டில் மெல்லிய உறை போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

கூப்பிடும்போதே யார் என்ன தின்பார் என்று கேட்டுவிடுங்கள். வாசோ பௌர்ணமியிலிருந்து தடிஞ்சுட் பௌர்ணமி வரையுள்ள பௌத்த நோன்புக் காலத்தில், ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை, பல பர்மிய நண்பர்கள் கறி மீன் தொடமாட்டார்கள். நம் வீடுகளிலும் கோயில் விரத நாட்கள் உண்டு. அவர்களுக்கு மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஒன்றரைத் தேக்கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும், இறால் பொடிக்குப் பதில் வறுத்துப் பொடித்த நிலக்கடலை. சூப்பில் மீன் சாஸ் ஊற்றுவதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனிச் சட்டிக்கு மாற்றிவிடுங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவதானால் எண்ணெயைக் கடையில் வாங்காதீர்கள். சில சீஜெயில் பன்றிக் கொழுப்பு இருக்கும்.

உட்காரும் முறையும் சுலபம்தான். கிண்ணங்களை நடுவில் வைத்து, சூப்பை ஆளுக்கொரு சின்னக் கோப்பையில் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். இங்கே சூப்பு சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்கிற பொருள் இல்லை, இடையிடையே உறிஞ்சுவது, ஆகவே அடுப்பில் சூடாகவே இருக்கட்டும். பர்மிய வீடுகளில் முதல் பங்கைப் பெரியவர் தட்டில் வைத்த பிறகே மற்றவர் கை வைப்பார்கள், அதற்கு ‘ஊச்சா’ என்று பெயர். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் முதல் கிண்ணம் அவருக்கு, காரம் குறைத்து. குழந்தைகளுக்கு மிளகாய் இல்லாமல் எண்ணெய், மாவு, முட்டை மட்டும் போட்டுப் பிசறுங்கள், தட்டு காலியாகும். வளர்ந்தவர்கள் இரண்டாம் சுற்றில் தாங்களே பிசறட்டும். ஒருவர் புளியைக் கூட்டுவார், ஒருவர் பேஜோவை மட்டுமே அள்ளுவார், பேச்சு அங்கேதான் களைகட்டும்.

முடிந்ததும் சர்க்கரை போடாத பச்சைத் தேநீர், கூடவே லப்பெ, அதாவது ஊறவைத்த தேயிலை, ஒரு தட்டு.

மிஞ்சியது என்றால்: எண்ணெயும் வறுத்த மாவும் மூடிய பாட்டிலில் இரண்டு வாரம் நிற்கும். சூப்பு மறுநாள் கூழாக இறுகியிருக்கும், வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்து உப்புப் பாருங்கள். பிசறாத நூடுல்ஸை மறுநாள் காலை முட்டை உடைத்து ஊற்றி வாணலியில் பிரட்டினால் பிள்ளைகளின் பள்ளி டப்பாவுக்கு ஆச்சு. பிசறியது மிஞ்சினால் மட்டும் வழியில்லை, அன்றே யாராவது தின்றுவிட வேண்டியதுதான்.