நொண்டலுக்குக் காரணம் குளம்புக்குள் இருந்தது

அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய பெண் குதிரை, ஐப்பசி மழையில் முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. சுளுக்கு என்று நினைத்து இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தேன். வீண் வேலை. லாடம் அடிப்பவர் காலைத் தூக்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடிக்குளம்பின் முக்கோண மெத்தையை ஒட்டிய பள்ளத்தில் கறுப்பாகக் குழைந்த அழுக்கு, செத்த எலி வாடை! மூத்திரம் ஊறிய கொட்டடித் தரைதான் காரணம், தப்பு என்னுடையது.

கால்நடை மருத்துவர் அழுகலைச் சீவி எடுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டார். குதிரைக்கு அந்த நோய் எளிதில் வருமாம். அப்புறம் தினமும் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு, பஞ்சில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை நனைத்து வைத்தேன். ஈர வைக்கோலை அன்றன்றே மாற்றினேன். பத்து நாளில் வாடை போனது. இப்போது நான் குனிந்தாலே காலைத் தூக்கித் தருகிறாள்.